மிரளும் குதிரையும் தீவன டப்பாவும்: நீலகிரியில் புதிதாகக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் என் செவலைக் குதிரை மூன்று ஆண்டுகளாக நடந்து பழகியது. தோட்டத்தில் சுழலும் தண்ணீர்த் தெளிப்பான்களை நூறு முறையாவது பார்த்திருக்கும். ஒருநாள் காலை அதே தெளிப்பான், அதே 'சிக் சிக்' சத்தம். குதிரை நான்கு காலையும் ஊன்றி நின்றது, மூக்கை விடைத்தது, அப்படியே பக்கவாட்டில் தாவியது. நான் ஈரப் பாத்தியில் கிடந்தேன். மறுநாள் தினமும் பார்க்கும் நாய்க்கு மிரண்டது. மூன்றாம் நாள் எதற்கு மிரண்டது என்று எனக்கும் தெரியவில்லை, அதற்கும் தெரிந்திருக்காது.

கடிவாளத்தைக் கடுமையானதாக மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஊட்டியில் நாற்பது ஆண்டுகளாகக் குதிரை பார்த்துவரும் பெரியவர் ஒருவரை வரச் சொன்னேன். வந்தவர் குதிரைப் பக்கமே திரும்பவில்லை. நேராகத் தீவன மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"தம்பி, இது ஓட்ஸ் இல்லையே?"

"கடையில் ஓட்ஸ் தீர்ந்துவிட்டது பாய். மக்காச்சோளக் குருணை வாங்கினேன். அளவை மாற்றவில்லை, அதே டப்பாதான்."

"அதே டப்பாவா?" என்று சிரித்தார். "குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் டப்பாவுக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது."

வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. ஒரு லிட்டர் டப்பாவில் ஓட்ஸ் ஏறத்தாழ அரைக் கிலோ பிடிக்கும். மக்காச்சோளம் முக்கால் கிலோ. ஓட்ஸில் மாவுச்சத்து நூற்றுக்கு நாற்பது பங்கு, மக்காச்சோளத்தில் எழுபது பங்கு அளவுக்கு இருக்கும். கணக்குப் போட்டால், ஒரு டப்பா ஓட்ஸில் 200 கிராம் மாவுச்சத்து கொடுத்துக்கொண்டிருந்தவன் ஒரே நாளில் 525 கிராமுக்குத் தாவியிருக்கிறேன். அதையும் காலை, மாலை என இரண்டு வேளை. குதிரை தாவியதில் என்ன வியப்பு?

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கிறது, கடிவாளம் என்றால் வாயை மூடுகிறது" என்று குதிரையைப் பழித்துச் சொல்வோம். அந்தக் கொள்ளு எவ்வளவு, என்றைக்கு மாற்றினோம் என்று பழமொழி கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைக் கேட்பதற்காக.

முதலில் வயிறு

குதிரை, மாடு போல அசைபோடும் பிராணி இல்லை. மலைக்கு வந்து பசு வளர்த்த அனுபவத்தோடு குதிரை வாங்குகிறவர்கள் முதலில் மறக்க வேண்டியது மாட்டுக் கணக்கை. 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கே இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். அந்தச் சிறிய பையில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ ஓட்ஸைப் பத்து நிமிடத்தில் காலி செய்துவிடும். ஆகப் புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டுகிறவர் ஆற்றலைக் கூட்டுவதோடு நிற்கவில்லை, மெல்லும் நேரத்தையும் பறித்துக்கொள்கிறார்.

இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் பிறகு பெருங்குடல் பகுதி. அங்கேதான் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துக் குதிரைக்கு உணவாக்குகின்றன. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து அங்கே போய் விழுந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, லாக்டிக் அமிலம் ஊறி, வயிறு உப்பி, குடல் எரிகிறது. மக்காச்சோளத்தை வேகவைக்காமல் கொடுத்தால் அதன் மாவுச்சத்தில் சிறுகுடலில் செரிப்பது சிறு பங்குதான், ஓட்ஸில் பெரும்பங்கு செரித்துவிடும். அதனால் என் செவலை 'கொழுப்பெடுத்து' ஆடியது பாதிக் கதை. மீதிப் பாதி, அதற்கு வயிறு சரியில்லை. வயிறு சரியில்லாத குதிரை அடக்கமாகப் படுத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். சில குதிரைகள் சுருண்டுகொள்ளும், சில மிரளும், சில கடிக்க வரும்.

மாவுச்சத்தைக் குறைத்து, அதே ஆற்றலை நாராகவும் கொழுப்பாகவும் கொடுக்கும்போது குதிரைகள் திடுக்கிடுவது குறைவதை ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆக, 'ஓட்ஸ் சூடு, கொள்ளு சூடு' என்று குதிரைக்காரர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 'சூடு' என்ற சொல்லுக்குப் பின்னால் அளவும் வேகமும் ஒளிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

முதல் படி: விற்றவரிடம் தீவனக் கதையைக் கேளுங்கள்

இங்கே புதிதாகக் குதிரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் வாங்குகிறார்கள். ஒன்று, ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் கலப்புக் குதிரைகள். இன்னொன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. இரண்டும் எதிர்எதிர்த் திசையில் சிக்கல் தரும்.

சந்தையில் சாதுவாக நின்ற குதிரை, மலைக்கு வந்து ஒரு மாதத்தில் ராட்சசனாகிவிட்டது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "மருந்து கொடுத்து ஏமாற்றிவிட்டான்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. அங்கே அது வைக்கோலும் ஒரு பிடித் தவிடும் தின்று, நாள் முழுக்க நடந்து, களைத்துப்போய் நின்றது. அந்தச் சாதுத்தனம் பாதி பசி. நீங்கள் பாசத்தோடு ஓட்ஸும் கொள்ளும் பசும்புல்லும் போட்டு, வாரத்தில் ஐந்து நாள் லாயத்திலேயே நிறுத்திவைக்கிறீர்கள். எலும்பு தெரிந்த குதிரை உடம்பு தேறும்போது அதன் உண்மையான சுபாவம் வெளியே வருகிறது. அதனால் மெலிந்த குதிரையின் அமைதியை நம்பி விலை பேசாதீர்கள்.

பந்தயக் குதிரை நேர்மாறு. நாளுக்கு ஐந்தாறு கிலோ தானியம் தின்று பழகியது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பான்மைக்கு இரைப்பைப் புண் இருக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்த செய்தி. அது புண்ணோடுதான் உங்கள் லாயத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

எதை வாங்கினாலும், என்ன தின்றது, எத்தனை வேளை, எந்த நேரம், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது தின்ற தீவனத்தில் ஒரு மூட்டையையும் கூடவே வண்டியில் ஏற்றுங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஒரே நாளில் குளிரும் உயரமும் தண்ணீரும் மாறுகின்றன. தீவனமும் அன்றே மாற வேண்டாம். முதல் இரண்டு வாரம் மேட்டில் கூடுதலாக மூச்சு வாங்கும், அதைச் சோம்பல் என்று எண்ணித் தானியம் போன்ற அடர்தீவனத்தைக் கூட்டுவது வழக்கமான தவறு.

இரண்டாம் படி: நாடாவும் தராசும்

எடை தெரியாமல் தீவனம் போடுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல. குதிரையை நிறுக்கும் மேடை நமக்கு எங்கே கிடைக்கும்? தையற்கடை நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், பிடரி முடிகிற மேட்டைச் சுற்றி நெஞ்சளவு எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்டத்தின் முனைவரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். என் செவலைக்கு நெஞ்சளவு 155, நீளம் 140. வருவது 283 கிலோ.

நார்த்தீவனம், உலர்ந்த கணக்கில், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருக்கட்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றரைப் பங்குக்குக் கீழே இறங்காதீர்கள். செவலைக்கு இரண்டு பங்கு என்றால் 5.7 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். புல் அறுத்து வருகிற அம்மா தலையிலிருந்து இறக்குகிற கட்டு இருபது கிலோ இருந்தால், உள்ளே இருப்பது நான்கு கிலோ தீவனம்தான். மழைக்காலத்தில் அதற்கும் குறையும். 'அவ்வளவு பெரிய கட்டுப் போட்டேனே' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, குதிரை நள்ளிரவிலேயே தின்று முடித்துவிட்டு மரக்கட்டையைக் கடித்துக்கொண்டிருக்கும்.

மாவுச்சத்துக்கு எல்லை: ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம். செவலைக்கு 283 கிராம். அதாவது ஓட்ஸ் என்றால் 700 கிராம், மக்காச்சோளம் என்றால் 400 கிராம். இதுவே அதிகபட்சம். இவ்வளவு போட்டே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் ஏரியைச் சுற்றி வருகிற குதிரைக்குத் தானியமே வேண்டியிருக்காது. நல்ல புல்லும் உப்பும் தாதுக் கலவையும் போதும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. குதிரை என்றால் கொள்ளு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

தீவனம் மாறும்போதெல்லாம் டப்பாவை மறுபடி நிறுத்து, அதன் மேல் எடையை எழுதி ஒட்டுங்கள். என் லாயத்தில் இப்போது ஓட்ஸுக்கு நீல டப்பா, கொள்ளுக்குச் சிவப்பு டப்பா.

மூன்றாம் படி: பதினான்கு நாள் நோட்டு

குதிரை சவாரியில் முரண்டு பிடித்தால், சாட்டைக்கு முன்னால் நோட்டைத் தேடுங்கள். பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி, என்ன தீவனம், எத்தனை கிராம், எந்தக் கடை மூட்டை, புல் எங்கே அறுத்தது, எத்தனை மணி நேரம் வேலை, லத்தி (சாணம்) எப்படி, வானிலை எப்படி, சவாரியில் என்ன நடந்தது. ஒரு வரி எழுதினால் போதும். புதிய மூட்டை பிரித்த நாளைச் சிவப்பில் எழுதுங்கள்.

வானிலையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், காற்றடிக்கும் குளிர்ந்த காலையில் எல்லாக் குதிரையும் துள்ளும். வென்லாக் டவுன்ஸ் புல்வெளிப் பக்கம் ஜனவரிக் காற்றில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குத் தீவனத்தைப் பழிக்கக் கூடாது. லாயத்தில் மற்றக் குதிரைகளும் அன்றைக்கு அப்படியே இருந்தால் குற்றவாளி காற்று. ஒன்று மட்டும் பத்து நாளாக, வெயிலிலும் அப்படி இருந்தால், பின்னால் புரட்டுங்கள். தீவனம் மாறிய விளைவு மறுநாளே தெரியலாம், இரண்டு வாரம் கழித்தும் தெரியலாம். மனித ஞாபகம் அவ்வளவு தூரம் போகாது.

கூடவே ஒரு எச்சரிக்கை. தீவனத்தைச் சந்தேகிக்கும் முன் முதுகைத் தடவிப் பாருங்கள், சேணம் அழுத்துகிறதா என்று பாருங்கள், பல் கூர்மையாகி வாய் புண்ணாகியிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரைக் கொண்டு பாருங்கள், லாடத்தைப் பாருங்கள். முதுகுப் புண்ணைத் தவிட்டை மாற்றிக் குணப்படுத்த முடியாது.

நான்காம் படி: சவாரியில் தெரிவதைப் படிப்பது

முதுகின் மேல் நாம் உணர்கிற எல்லாவற்றையும் 'திமிர்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவது வழக்கம். பிரித்துப் பாருங்கள்.

வயிற்றுவாரை இழுக்கும்போது காதை மடித்துக் கடிக்க வருகிறது, துள்ளுநடைக்குப் போகச் சொன்னால் வாலைச் சுழற்றுகிறது, முன்னே போக மறுக்கிறது, தானியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வைக்கோலைக் கொறிக்கிறது என்றால் இரைப்பைப் புண்ணைச் சந்தேகியுங்கள். வெறும் வயிற்றோடு சவாரி போகும்போது வயிற்றுத் தசைகள் இறுகி, அமிலம் மேலே தெறித்து, பாதுகாப்பற்ற மேல் சவ்வில் படுகிறது. விடியற்காலைச் சவாரிக்கு வெறும் வயிற்றில் கிளப்புகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சேணம் போடுவதற்கு முன் இருபது நிமிடம் உலர்புல்லைக் கொறிக்க விடுங்கள். குதிரைமசால் கிடைத்தால் இன்னும் நல்லது, அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். பெயரிலேயே குதிரை இருக்கிற அந்தப் பயிரை நம் ஊரில் பெரும்பாலும் மாட்டுக்கும் முயலுக்கும்தான் போடுகிறார்கள். அடர்தீவனம் போட்டால் மட்டும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்தே ஏறுங்கள்.

பழகிய பொருளுக்கும் மிரள்வது, தலையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்ப்பது, வியர்த்து விறுவிறுத்து நிற்க முடியாமல் ஆடுவது: தானியம் கூடிவிட்டது அல்லது வேலை குறைந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான்.

சவாரி போகும் குதிரைக்கு இறக்கத்தில் இறங்கவும் தார்ச்சாலையில் நடக்கவும் திடீரென்று மனமில்லை, மண்ணில் மட்டும் நடக்கிறது, நின்றால் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றுகிறது என்றால் அது சோம்பல் இல்லை. குளம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்து, குளம்புக்கு மேலே நாடி தெறித்தால் குளம்பு அழற்சி. அன்றே மருத்துவரை அழையுங்கள். தானியமோ சர்க்கரை மிகுந்த புல்லோ கூடிப்போனதன் பின்விளைவாக இது வரும்.

சனி, ஞாயிறு நன்றாக ஓடி, திங்கள் முதல் வெள்ளி வரை அதே தானியத்தோடு கட்டிக்கிடக்கிற வாடகைக் குதிரை, மறு சனிக்கிழமை கால் மணி நேரத்தில் பின்பகுதி விறைத்து, வியர்த்து, நகர மறுத்து நின்றால் அதை அடிக்காதீர்கள். தசை இறுகிச் சிதைகிறது. சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் அவசரம், அந்த இடத்திலேயே நிறுத்தி, போர்த்தி, மருத்துவரை வரவழையுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதிக்கு மேல் குறைப்பது என்ற பழைய விதி இதனால்தான் வந்தது.

இனி, தீவனத்தின் தரத்தில் இல்லாமல் நேரத்தில் இருக்கிற கோளாறு. போகும்போது ஆமை, திரும்பும்போது அம்பு. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றிய கையோடு தொட்டியை நிரப்பினால், வீடு திரும்பினால் கொள்ளு என்று குதிரை கற்றுக்கொள்கிறது. இறங்கிய பிறகு அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள், சில நாள் லாயத்தைத் தாண்டிப் போய்த் திரும்புங்கள். அதுபோலவே, ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகள் நீட்டுகிற சோளக்கதிரும் பன்னும். சர்க்கரையைவிட அதில் பெரிய கேடு, யாரைப் பார்த்தாலும் நின்று சட்டைப்பையை மோப்பம் பிடிக்கிற பழக்கம். என் நண்பரின் மட்டக்குதிரை ஒன்று மஞ்சள் பை வைத்திருக்கும் யாரையும் கடந்துபோகாது.

ஐந்தாம் படி: மாற்றம் செய்யும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுவதும். பந்தயக் குதிரை, புண் உள்ள குதிரை, சமவெளியிலிருந்து வந்த குதிரை என்றால் இதையே பதினான்கு நாளாக்குங்கள். குடலிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவதற்குக் கொடுக்கிற அவகாசம் இது. புல் மாறினாலும் இதே கணக்குத்தான். வைக்கோல் தின்ற குதிரையைத் திடீரென்று பசும்புல்லில் அவிழ்த்துவிட்டால் லத்தி இளகி, வயிறு உப்பி, முதல் துள்ளுநடையிலேயே பின்னங்காலை உதறும்.

ஆற்றல் வேண்டும், ஆனால் துள்ளல் வேண்டாம் என்றால் தானியத்தைக் குறைத்துச் சமையல் எண்ணெய் சேர்க்கலாம். 100 மில்லி எண்ணெய் ஏறத்தாழ 300 கிராம் ஓட்ஸ் தரும் ஆற்றலைத் தரும். நாளுக்கு 20 மில்லியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

கொள்ளைப் பற்றிக் கேட்பீர்கள். நூற்றுக்கு 22 பங்கு அளவுக்குப் புரதம் உள்ள பயறு. உழைக்கிற குதிரைக்கு நல்லது, நிற்கிற குதிரைக்கு வீண். மிஞ்சிய புரதம் சிறுநீராகப் போகும், காலையில் லாயக் கதவைத் திறந்தால் கண் எரியும். இரவு முழுக்க ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். ஊறாத கொள்ளு தொண்டையில் அடைக்கும், வயிற்றில் போய் வீங்கும். வெந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், ஊட்டிக் குளிரிலும் புளிக்கும்.

சோதனைச் சவாரி எப்போதும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே ஆள். நான் அந்தத் தெளிப்பான் பாதையைத்தான் வைத்துக்கொண்டேன். மக்காச்சோளத்தை நிறுத்தி மறுபடி ஓட்ஸுக்குக் கொண்டுவந்து, வேளைக்கு 400 கிராம் ஆக்கிய பன்னிரண்டாம் நாள், செவலை ஒரு காதை மட்டும் தெளிப்பான் பக்கம் திருப்பிவிட்டு நடந்தது. நோட்டில் 'ஒரு காது' என்று எழுதியிருக்கிறேன்.

மலைக்கென்றே சில சங்கதிகள்

கேரட். ஊட்டியில் கழுவித் தரம் பிரித்த பிறகு மிஞ்சும் உடைந்த கேரட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கேரட் கொடுத்தால் குதிரைக்கு வெறி பிடிக்கும் என்பது மிகை. நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் தண்ணீர், சர்க்கரை ஐந்து பங்கு அளவில். நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ எந்தக் குதிரையையும் கெடுக்காது. சும்மா கிடைக்கிறதே என்று கூடை கூடையாகக் கொட்டுவதுதான் கேடு. வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்டத் துண்டு தொண்டையில் போய் மூடிபோல உட்காரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர்க் கழிவு வேண்டவே வேண்டாம், வாயுவால் வயிற்றுவலி வரும். பச்சை படிந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கு நஞ்சு.

கிக்குயூ புல். நீலகிரியில் மேய்ச்சல் நிலமெங்கும் பாய் விரித்ததுபோலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான். பசு மகிழ்ச்சியாகத் தின்னும், குதிரையும் தின்னும். ஆனால் இதிலும் நேப்பியர் புல்லிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் மேல் கோதுமைத் தவிட்டையும் தினமும் போட்டால், தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கு நெருக்கமாக இருப்பதால் நிலைமை மோசமாகும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் குதிரை எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று நொண்டும், அடி குறுகும், தடை தாண்ட மறுக்கும், கடைசியில் தாடையும் முகமும் புடைக்கும். சவாரிக்காரர் 'இதற்கு மனமில்லை' என்பார். புல்லைக் கலந்து கொடுங்கள், குதிரைமசால் சேருங்கள், தவிட்டைத் தினசரித் தீவனமாக வைக்காதீர்கள், மருத்துவரைக் கேட்டுக் கால்சியம் சேருங்கள்.

புல் அறுப்பவரிடம் இரண்டு செடிகளைக் காட்டி எச்சரியுங்கள். ஒன்று, காட்டோரத்தில் இடுப்புயரம் வளரும் பெரணி. தொடர்ந்து தின்றால் தயமின் என்ற பி வைட்டமினைச் சிதைத்து, குதிரை தள்ளாடும். மற்றது, ஈர ஓடைக்கரைகளில் வெள்ளைப் பூங்கொத்தோடு மண்டிக்கிடக்கும் கிராஃப்டன் களை. பூக்கும் பருவத்தில் தின்றால் குதிரையின் நுரையீரல் கெடும், ஆஸ்திரேலியாவில் குதிரை வளர்ப்பவர்கள் இதைப் பட்டறிந்தவர்கள். முதல் அறிகுறி, மேட்டில் ஏறும்போது இருமல்.

மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் எதையும் 'இன்றைக்கு மட்டும்' என்றுகூடப் போடாதீர்கள். கோழித்தீவனத்தில் சேர்க்கிற மொனென்சின் போன்ற மருந்துகள் சிறிதளவிலேயே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

தென்மேற்குப் பருவமழையில் உலர்புல் பூசணம் பிடிக்கும். உதறினால் புகைபோலத் தூசி பறக்கிற கட்டைத் தூக்கி எருக்குழியில் போடுங்கள். இருமுகிற குதிரை கடிவாளத்தை எதிர்த்துத் தலையை உதறுவதைப் பார்த்து, வாயில் கோளாறு என்று எண்ணி மூன்று கடிவாளம் மாற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி. பகலில் பளிச்சென்று வெயில், இரவில் உறையும் குளிர். வெயிலில் புல் சர்க்கரையைத் தயாரிக்கிறது, குளிரில் வளர முடியாததால் செலவழிக்காமல் தண்டில் சேர்த்துவைக்கிறது. பார்க்கக் கருகி, குட்டையாக, ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். தின்கிற குதிரைக்குத் தெரியும் அதன் இனிப்பு. கொழுத்த மட்டக்குதிரைகளை அந்த நாட்களில் மேய விடுவதற்கு முன் உலர்புல்லால் வயிற்றை நிரப்புங்கள், மேயும் நேரத்தைக் குறையுங்கள். இதே மாதங்களில் தொட்டித் தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சியில் இருக்கும், குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். உலர்புல் தின்று தண்ணீர் குறைந்தால் குடலில் அடைப்பு, வயிற்றுவலி. 300 கிலோ குதிரைக்கு ஓய்வு நாளிலும் 15 கிராம் அளவுக்கு உப்புக் கொடுங்கள், வியர்க்கிற நாளில் இன்னும் கூட்டுங்கள். காலையிலும் மாலையிலும் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். நான் வாளியின் உள்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டு, இரவுக்குள் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் லாய விளக்கை அணைப்பேன். தண்ணீர் கோட்டை விட்டு இறங்காமல் அப்படியே இருந்தால் மறுநாள் காலைச் சவாரி கிடையாது.